அண்டியாபீஸில் பாட்டி பக்கத்தில் இருந்த மாமிக்கு

அன்புள்ள மாமி,

பாட்டி போன அன்று தொடங்கி, துக்கம் கேட்க வந்த எல்லாரும் வயசைப் பற்றியேதான் பேசினார்கள். "98 வயசு, நெறஞ்ச சாவாக்கும், குடுத்து வச்சவ" என்று. கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோத்தது, கொள்ளுப்பேரன் பிள்ளையையும் மடியில் வைத்தது எல்லாம் பேசினார்கள். உண்மைதான். ஆனால் அந்த 98 வயசின் நடுவில், அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், அண்டி என்கிற முந்திரிக்கொட்டையை அவள் உடைத்துக் கழித்த இருபத்தைந்து வருஷத்தைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கண்ணால் பார்த்தவர்களில் மிஞ்சியிருப்பது நீங்கள் ஒருவர்தான், மாமி. அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. கருங்கல், புதுக்கடை, அருமனை, குலசேகரம் என்று நம் குமரி மாவட்டத்துப் பக்கத்தில் எத்தனையோ வீட்டில் இப்படி ஒரு பாட்டி இருந்திருக்கிறாள்.

அவளுக்கு இங்கிலீஷ் தேதி கிடையாது. கொல்லம் ஆண்டு 1100 என்பாள். அதற்கு முந்தின தொண்ணூற்றொன்பதாம் (1099) வருஷத்து வெள்ளம் வடிந்து, ஆவணி பிறந்த பிறகு பிறந்தவள். நம் கணக்கில் 1924 கடைசி. மகாராஜா ஆண்ட திருவிதாங்கூரில் பிறந்து, வீடு மாறாமலே 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டுக்காரி ஆனாள். அதற்கு முன்னால், 1954 ஆகஸ்ட் 11-இல், தமிழகத்தோடு சேரக் கேட்டுப் போராடியவர்கள் மேல் புதுக்கடையில் துப்பாக்கிச் சூடு நடந்த அன்று, பாட்டா (தாத்தா) கருப்பட்டிச் சுமையோடு சந்தைக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வரும்வரை பிள்ளைகளை உள்ளே போட்டுக் கதவை அடைத்துக்கொண்டு இருந்த கதையை நூறு தடவையாவது சொல்லியிருப்பாள்.

பாட்டா பனையேறி. அவர் இறக்குகிற அக்கானியை, அதாவது பதநீரை, காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி ஆக்குவது பாட்டி வேலை. ஒரு சித்திரையில் பனையிலிருந்து விழுந்தவர் அப்புறம் மரம் தொடவில்லை. அக்கானி நின்றது, அடுப்பும் அணைந்தது. அந்தச் சமயத்தில்தான் நம் பக்கம் அண்டியாபீஸ்கள் பெருகின. கேரளத்தில் கூலிச் சட்டம் இறுகியதும் கொல்லத்து முதலாளிமாரில் பலர் எல்லை தாண்டி வந்து இங்கே ஷெட் போட்டார்கள். இங்கே கூலி குறைவு, அதுதான் காரணம். அந்தக் குறைந்த கூலியில்தான் பாட்டி நான்கு பிள்ளைகளையும் பள்ளிக்கூடம் அனுப்பினாள்.

தல்லு என்றால் அண்டி உடைப்பது என்று இன்றைக்கு நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒருமுறை திண்ணையில் உட்கார்ந்து எனக்குச் செய்து காட்டினாள். வறுத்த அண்டியைச் சாம்பலில் புரட்டி, இடது கைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே விளிம்பு மேலே நிற்கும்படி கல்லில் வைத்துப் பிடிக்க வேண்டும். மரச்சுத்தியால் ஒரே தட்டு. கூடினால் பருப்பு உடையும், குறைந்தால் தோடு (ஓடு) பிளக்காது, விலகினால் விரல் போகும். பக்கத்தில் சிரட்டையில் சாம்பல். விரலில் எண்ணெய் பிடிக்கப் பிடிக்க அதைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டாலும் அந்த எண்ணெய் தோலைத் தின்னும். பருப்பின் எடைக்குத்தான் கூலி, உடைந்தால் அதிலும் குறையும். விடியுமுன் தூக்குச்சட்டியோடு போய், சம்மணம் போட்டு உட்கார்ந்தால் பொழுது சாய்வதுவரை இதுதான்.

வீட்டிலும் அவள் கஞ்சியைப் பிலாவிலை கோட்டியே, பலா இலையைக் கரண்டி போல மடக்கியே, குடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். சின்ன வயசில் அது அவள் பழக்கம் என்று நினைத்திருந்தேன். விரல் பட்டால் கஞ்சி கசக்கும் என்பதுதான் விஷயம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

நீங்கள் சொன்ன இன்னொன்றும் எனக்கு மறக்காது. கல்யாணம் ஆகி வந்த புதிதில் நீங்களும் அவள் பக்கத்திலேயே தல்ல உட்கார்ந்தீர்கள். முதல் வாரத்தில் உங்கள் விரல் எல்லாம் பொள்ளி, பாத்திரத்தில் அடி நிறையவில்லை. எடை போடுகிற நேரம் வந்ததும் பாட்டி தன் பருப்பில் இரண்டு கை அள்ளி உங்கள் பாத்திரத்தில் தள்ளிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் முன்னால் நடந்தாள். நம் குடும்பத்தில் மாமியார் மருமகளைப் பற்றி நான் கேட்டதிலேயே பெரிய காரியம் இதுதான்.

துபாயிலிருந்து அண்ணன் பாக்கெட்டில் முந்திரிப்பருப்பு கொண்டுவந்தபோது, ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, "இது முன்னூத்தி இருவதாக்கும்" என்றாள். ஒரு ராத்தலுக்கு எத்தனை பருப்பு நிற்கும் என்கிற கணக்கு அது. கவரிலும் 320 என்றே இருந்தது. அப்போது அவளுக்குத் தொண்ணூறு தாண்டியிருந்தது.

1983-இல் வேலையை விட்டாள். கிராஜுவிட்டிச் சட்டம் 1972-லேயே வந்துவிட்டது. ஆனாலும் அந்தக் காசை வாங்க மாதக்கணக்கில் ஆபீஸ் வாசலில் நிற்க வைத்தார்கள். விடவில்லை அவள். அந்தக் காசில் போட்ட ஓடுதான் இன்றும் உங்கள் தலைக்கு மேல் இருக்கிறது.

ஆதார் எடுக்கப் போனபோது அவள் விரல் ரேகை மெஷினில் விழவில்லை. கண்ணை வைத்துப் பதிந்தார்கள். "வயசாயிட்டுல்லா, அப்படித்தான்" என்றான் அந்தப் பையன். பாட்டி கையை விரித்துக் காட்டி, "வயசில்ல மக்களே, அண்டி எண்ணெ தின்னதாக்கும்" என்றாள். இப்போதும் எல்லாரும் வயசு வயசு என்னும்போது எனக்கு அந்தக் கைதான் முன்னால் வருகிறது.

மாமி, நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன்னால் பாட்டிக்குக் கல் வைக்கிறார்கள் அல்லவா. மாமா அனுப்பிய வாசகத்தைப் பார்த்தேன். பெயர், இன்னாருடைய மனைவி, பிறப்பு, இறப்பு, ஒரு வேத வசனம். பக்கத்தில் சின்ன மாமா கல்லில் "ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்" என்று இருக்கிறது. அவரைத் தலைமையாசிரியர் ஆக்கிய வேலைக்கு ஒரு வரி கூட இல்லை. பாட்டா கல்லிலும் பனை இல்லை. பெண் பார்க்க வருகிறவர்களிடம் "அண்டியாபீஸ்காரி வீடு" என்று யாரோ சொல்லிக் கேட்ட வலி நம் ஆட்களுக்கு இன்னும் இருக்கிறது, தெரியும். ஆனால் அந்த வலியை மூடுவதற்காக அவள் உழைப்பையும் சேர்த்து மூடுவது நியாயம் இல்லை.

"முந்திரி ஆலைத் தொழிலாளி" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும், வருஷத்தோடு. நான் சொன்னால் மாமா யோசிப்பார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தல்லிய நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டார். கூடுதல் எழுத்துக்குக் கல் வெட்டுகிறவர் கேட்கிற காசை நான் அனுப்புகிறேன். பாட்டியின் இரும்புப் பெட்டியில் பி.எஃப். சீட்டு இருப்பதாக அம்மை சொன்னாள். அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அதில் இருக்கும். எடுத்துப் பார்த்து, இந்த வாரமே போன் பண்ணுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்