சோப்பு கேட்டாய், வெட்டிவேர் தருகிறேன்

ஜெலுத்தோங், பினாங்கு
ஞாயிறு மதியம்

அன்புள்ள சரோ,

இங்கே எல்லாரும் நலம். முட்டிவலி அப்படியே இருக்கிறது. நீயும் உன் கல்யாண வேலைகளும் நலமா?

நீ அனுப்பிய மூன்று குரல் செய்திகளையும் கேட்டேன். பதில் போடாததற்கு முட்டிவலி காரணமில்லை, வெட்கம்தான் காரணம். குரலில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் நீ சிரிப்பாய், நானும் சிரித்து விஷயத்தை விட்டுவிடுவேன். அதனால் தாளை எடுத்தேன். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அப்புறம் படி.

பாப்பா கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு டோர் கிஃப்ட்டாகக் கொடுக்க முந்நூறு மல்லிகை சோப்பு கேட்டாய். செய்ய மாட்டேன்.

கணக்குப் பார்த்துப் பயந்துவிட்டேன் என்று நினைக்காதே. ஒரு கட்டி 80 கிராம், முந்நூறுக்கு 24 கிலோ. என் அச்சில் ஒரு தடவைக்கு 12 கட்டி விழும், 25 தடவை ஊற்றினால் முடிந்தது. மாதக்கணக்கில் ஓவர்டைம் பார்த்த உடம்புக்கு இது ஒரு வேலையா? கல்யாணத்துக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது, சோப்பு காய நாலு வாரம் போதும். நேரமும் பிரச்சினை இல்லை.

முதலில் சிரிக்கிற கதைகளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். இந்தக் கைவேலைப் பைத்தியம் பிடித்த முதல் வருஷம் என் வீட்டுக்காரர் பட்ட பாடு உனக்குப் பாதிதான் தெரியும். மல்லிகை என்று எழுதியிருந்த ஒரு புட்டியைச் சோப்புக் கரைசலில் ஊற்றினேன். மூன்று சுற்றுச் சுற்றுவதற்குள் பாயசம் களியாகி, களி கல்லாகிவிட்டது. கையிலிருந்த பிளெண்டர் நட்ட கம்பம் மாதிரி அதிலேயே நின்றது. பூ வாசனை எண்ணெய்கள் பலதும் இப்படித்தானாம். காஸ்டிக் சோடாவும் எண்ணெயும் நிதானமாகச் சேர விடாமல் விரட்டிவிடும். இன்னொரு தடவை வெனிலா. அச்சில் இறங்கும்போது வெள்ளை வெளேரென்று இருந்தது, இரண்டு வாரத்தில் குலா மெலாக்கா வெல்லத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது. அதிலுள்ள வெனிலின் செய்கிற வேலை அது. வீட்டுக்காரர் ஒரு கட்டியை எடுத்துக் கடிக்கப் போனார். சத்தியமாகச் சொல்கிறேன், கடிக்கப் போனார்.

புட்டியில் பிரம்புக் குச்சி நட்டு வாசம் பரப்புவார்களே, அதையும் விட்டுவைக்கவில்லை. கடையில் விற்கும் குச்சிக்கு ஏன் காசு என்று சாத்தே சுடுகிற மூங்கில் குச்சியை நட்டேன். வாசமே வரவில்லை. பிரம்புக்குள்ளே ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நூல் நூலாகத் துளை ஓடும், எண்ணெய் தானாக ஏறும். மூங்கிலில் அது சரியாக நடக்காது. போகட்டும், அந்தப் புட்டியிலிருந்து ஒரு சொட்டு வழிந்து அம்மாவின் தேக்கு அலமாரி மேல் விழுந்தது. காலையில் பார்த்தால் பத்துக் காசு அளவுக்கு வார்னிஷைக் காணோம், தின்றுவிட்டது. மரத்துக்கே இந்தக் கதி என்றால் தோலுக்கு என்ன என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பூத்தையல் விரிப்பு ஒன்றைப் போட்டு மூடிவிட்டேன்.

மல்லிகையைப் பற்றியும் ஒரு வார்த்தை, நீ அவ்வளவு ஆசையாகக் கேட்டதால். புட்டியில் மல்லிகைப் படம் இருந்தால் உள்ளே மல்லிகை இருக்கிறது என்று அர்த்தமில்லை. ரோஜாவை ஆவியில் வடித்து எண்ணெய் எடுக்கலாம், மல்லிகை அந்தச் சூடு தாங்காது. கரைப்பானில் ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். அந்தச் சாறு நீயும் நானும் தொடுகிற விலையில் இல்லை. 18 ரிங்கிட்டுக்குக் கிடைப்பது ஆய்வுக்கூடத்தில் கட்டிய மல்லிகை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. செயற்கை என்றாலே விஷம், செடியிலிருந்து வந்தால் அமிர்தம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது, ஏன் என்று கீழே படித்தால் தெரியும். வேடிக்கை என்னவென்றால், நிஜ மல்லிகைக்குள்ளேயே இண்டோல் என்று ஒன்று இருக்கிறது. அதைத் தனியாக முகர்ந்தால் அந்துருண்டை மாதிரி அடிக்கும். அந்த நாற்றம் துளி இருந்தால்தான் குயின் ஸ்த்ரீட் மாரியம்மன் கோயில் பக்கத்தில் வாங்கித் தலையில் வைத்த பூ மாதிரி இருக்கும். அது இல்லாத மல்லிகை, கழிப்பறைக்கு அடிக்கிற மல்லிகை.

சரி, இப்போது விஷயம்.

போன வருஷம் பட்டை வாசனையில் சோப்பு செய்தேன். கடையில் சின்னப் புட்டி, 50 மில்லி, சுத்தமான பட்டை எண்ணெய், எல்லாம் இயற்கை என்றார்கள். சோப்புக்கான ஒரு கிலோ எண்ணெயில் அந்தப் புட்டி முழுவதையும் கவிழ்த்தேன். தராசு பக்கத்திலேயே இருந்தது. மெழுகுவர்த்திக்கு அரை கிலோ மெழுகு என்றால் 40 கிராம் எண்ணெய் என்று நிறுத்துப் போடுகிறவள்தான் நான். அதற்கு மேல் போனால் மெழுகு குடிக்காது, நம் ஊர் வெக்கையில் மேலே வியர்த்து நிற்கும் என்று அதில் மட்டும் அவ்வளவு கறார். சோப்புக்கு என்ன, கழுவினால் போகிறதுதானே என்று நினைத்துவிட்டேன். வீடு முழுக்கப் பிரியாணிக் கடை வாசம். பெருமை தாங்கவில்லை.

காயவைத்து, சணல் கயிறு கட்டி, கோடி வீட்டு அக்காவுக்கு இரண்டு கட்டி கொடுத்தேன். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த ஆறு மாதமும் எனக்குச் சோறு கொடுத்து அனுப்பினாரே, உன்னை ‘ஒல்லிக்குச்சி’ என்பாரே, அவர்தான்.

ஒரு மாதம் கழித்து லிஃப்ட்டில் பார்க்கிறேன், இரண்டு கையிலும் துணி சுற்றியிருக்கிறார். கேட்டதற்கு, “பாத்திரம் கழுவுற சோப்பு ஒத்துக்கல போலம்மா” என்றார். நானும் எலுமிச்சை தேய்க்காதீங்க, மஞ்சள் தேய்க்காதீங்க என்று பெரிய டாக்டர் மாதிரி சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் இரண்டு வாரம் போனது. ஒருநாள் அவர் வீட்டில் கை கழுவப் போனால், குழாயடியில் ஒரு கொட்டாங்குச்சி. அதில் என் சோப்பு, தேய்ந்து வெற்றிலை மாதிரி ஆகிவிட்டது. கட்டியிருந்த சணல் கயிற்றை எறியாமல் அவிழ்த்து, சுவரிலிருந்த ஆணியில் மாட்டி வைத்திருந்தார்.

“அக்கா, இதையா தேய்க்கிறீங்க?”

“ஆமாம்மா. கை இப்படி ஆனதுல இருந்து இதையேதான். பட்டை மூலிகையாச்சே, ஆத்தும்னு.”

துணியை அவிழ்க்கச் சொல்லிப் பார்த்தேன். மோதிரத்துக்கு அடியில் தோல் உரிந்து கிடந்தது. மணிக்கட்டு வரைக்கும் சிவந்து, ஜவ்வரிசி மாதிரிக் கொப்புளம். எரிய எரிய அதன் மேலேயே என் சோப்பைத் தேய்த்திருக்கிறார், சரோ. ஒரு கட்டி தீர்ந்து, இது இரண்டாவது.

அன்றைக்கே கிளினிக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்து தோல் டாக்டரிடம் அனுப்பினார்கள். முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன ஸ்டிக்கர் ஒட்டி, 48 மணி நேரம் நனையாமல் வைத்திருக்கச் சொன்னார்கள். எடுத்துப் பார்த்தால் பட்டையில் இருக்கிற சரக்குக்குத்தான் தோல் தடித்திருந்தது. ஒரு தடவை தோல் இதை எதிரியாக நினைத்துவிட்டால் மறக்காது, இனிமேல் துளி பட்டாலும் கிளம்பும் என்றார் டாக்டர். கை ஆறிவிட்டது. ஆனால் பட்டை வாசனைப் பற்பசை கூட ஆகாது, சமையலில் பட்டையைக் கரண்டியால்தான் எடுக்கிறார். டாக்டர் “என்ன சோப்பு, யார் செய்தது” என்று கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டு “பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில வாங்கினது” என்று சொல்லிவிட்டார். வெளியே வந்து, “வாசம் நல்லாத்தான்மா இருந்துச்சு” என்றார் எனக்கு ஆறுதலாக. திட்டியிருந்தால் ஒருவேளை நான் தூங்கியிருப்பேன்.

அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். வாசனைச் சரக்குகளுக்கு இஃப்ரா என்று ஓர் அமைப்பு இருக்கிறது, 1973லிருந்து. எந்த வாசனையை எந்தப் பொருளில் எவ்வளவு வரை போடலாம் என்று வகை பிரித்து வரம்பு போட்டிருக்கிறார்கள். கழுவிவிடுகிற சோப்புக்கு ஒரு வகை, மெழுகுவர்த்திக்கு வேறு வகை. ஒரே புட்டி எண்ணெயை மெழுகில் தாராளமாக ஊற்றலாம், சோப்பில் சிட்டிகைக்கு மேல் கூடாது என்று இருக்கும். நல்ல கடையில் ஒவ்வொரு எண்ணெய்க்கும் இந்தக் கணக்குத் தாள் கேட்டால் கொடுப்பார்கள். வேறொரு கடையிலிருந்து பட்டை எண்ணெய்க்கான தாளை வாங்கிப் பார்த்தேன். சோப்புக்கு அதில் போட்டிருந்த அளவு, நான் கவிழ்த்ததில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. என் புட்டியை விற்ற கடையில் தாள் கேட்டதற்குப் பையன், “எல்லாரும் வாங்குறாங்கக்கா” என்றான். பெரிய கேனிலிருந்து ஊற்றி, பூப்படம் ஒட்டி விற்கிறார்கள். அவனை மட்டும் சொல்லி என்ன? அங்கே வாங்கினது நான், நிறுக்காமல் ஊற்றினதும் நான்.

உனக்கு ஞாபகம் இருக்கும், பாயான் லெப்பாஸ் சில்லு ஃபாக்டரியில் நம் லைன். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தால் தங்கக் கம்பி, தலைமுடியை விட மெல்லிசு. துளி நகர்ந்திருந்தாலும் சிவப்பு டேக் ஒட்டி ரிஜெக்ட் பெட்டியில் போடுவோம். சூப்பர்வைசர் ‘கொசு’ வந்து கத்தினாலும் அந்த டேக்கை எடுக்க மாட்டோம். யார் வீட்டு ரேடியோவுக்குள் போகுமோ தெரியாத ஒரு சில்லுக்கு அவ்வளவு பார்த்த கண், அக்கா கைக்குப் போகிற சோப்பைப் பார்க்கவில்லை. இது என்னைத் தின்கிறது. உன்னிடம்தான் சொல்ல முடியும், வீட்டுக்காரரிடம் சொன்னால் “விடு விடு” என்பார்.

இப்போது முந்நூறு கட்டியை யோசி. யார் வாங்கிப் போவார்கள், யார் வீட்டில் யார் தேய்ப்பார்கள் என்று நமக்குத் தெரியுமா? உன் சம்பந்தியம்மாவின் பேரனுக்குத் தோலில் கரப்பான் என்று நீயே சொன்னாய். கல்யாண வீட்டில் கொடுத்தது என்றால் யாருக்கும் எறிய மனசு வராது, எரிந்தாலும் தேய்ப்பார்கள். சரியான அளவில், தாளுள்ள எண்ணெயில் செய்யலாமே என்பாய். செய்யலாம். செய்கிறவர்கள் இருக்கிறார்கள், சுத்தமாகச் செய்கிறார்கள். எனக்கு இப்போது கை வரவில்லை. கோபித்துக்கொள், ஆனால் வற்புறுத்தாதே.

உன்னை வெறுங்கையோடு விடமாட்டேன். லிட்டில் இந்தியாவில் பூசைச் சாமான் கடையில் வெட்டிவேர் கட்டுக்கட்டாக வருகிறது. அதை நறுக்கிச் சின்னத் துணிப்பையில் போட்டு, புடவை அலமாரியில் வைக்கிற மாதிரி செய்து தருகிறேன். பைக்கு 20 கிராம், முந்நூறுக்கு 6 கிலோ வேர். வெட்டிவேரின் குணம் உனக்குத் தெரியுமோ என்னவோ, அது தன் வாசத்தையும் விடாது, பக்கத்தில் வருகிற வாசத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வாசனைத் திரவியம் கலக்குகிறவர்கள் அதற்காகவே அதைச் சேர்ப்பார்கள். ஒரு கிலோ வேருக்கு 20 கிராம் சந்தன வாசனை எண்ணெய் (தாள் இருக்கிறது, கையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்), இரண்டு வாரம் மூடிய டின்னில், தினமும் ஒரு குலுக்கு. வேர் எண்ணெயைக் குடித்துக் காய்ந்த பிறகுதான் பையில் போடுவேன். இல்லாவிட்டால் யாராவது பட்டுப்புடவையில் கறை பட்டு, அதற்கும் என் பெயர்தான் அடிபடும். உள்ளே மல் துணி, வெளியே நீ சொல்கிற நிறம். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: அலமாரிக்கு மட்டும், உள்ளே வெட்டிவேர், சந்தன வாசனை எண்ணெய்.

உனக்கென்று தனியாக ஒரு மல்லிகை மெழுகுவர்த்தி, அந்துருண்டைத் துளியோடு. ஏற்றும்போது உன் பூனை தவுக்கேயை வேறு அறையில் போட்டுக் கதவைச் சாத்து. பூனையின் ஈரலால் இந்த எண்ணெய்களில் பலதைச் செரித்து வெளியே தள்ள முடியாதாம். நீ டீ ட்ரீ எண்ணெயை அதன் காதில் தேய்க்கிறதாகச் சொன்னாயே, அதை இன்றைக்கே நிறுத்து.

பை நிறம் வெள்ளிக்கிழமைக்குள் சொல், துணி வாங்க வேண்டும். அரக்குச் சிவப்பு என்று மட்டும் சொல்லாதே, போன தடவை பாக்கியம் வீட்டு விசேஷத்தில் பட்டது போதும். பெட்டிகளோடு நானே வருகிறேன். ஃபெர்ரியில் ஏறி, பட்டர்வொர்த்தில் ரயில் பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்கு உன் வீடு. வீட்டுக்காரர் முகூர்த்தத்துக்குத்தான் வருவார், அதுவரை எனக்கு நிம்மதி.

கோடி வீட்டு அக்காவும் என்னோடு வருகிறார். அவருக்குத் தனியாகப் பத்திரிகை அனுப்பு, என்னுடையதோடு சேர்த்து வைக்காதே. ஒல்லிக்குச்சி இப்போது எப்படி இருக்கிறாள் என்று பார்க்க வேண்டுமாம். நான் ஒன்றும் சொல்லவில்லை, நேரிலேயே பார்க்கட்டும்.

அன்புடன்,
கமலா