பிரசவ வார்டுக்குப் பொதுவான ஒரு பணி ஒப்படைப்புத் தாள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் நெடுங்காலமாகப் பணியாற்றும் செவிலியர் நான். பணி மாறும் நேரத்தில் தாய்மார்களைப் பற்றிய விவரங்கள் ஒரு செவிலியரிடமிருந்து அடுத்தவருக்கு எப்படிப் போய்ச் சேருகின்றன என்பது வெளியில் அதிகம் பேசப்படாத செய்தி என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எங்கள் வார்டுகளில் பதிவேடுகளுக்குக் குறைவில்லை. அனுமதிப் பதிவேடு, பிரசவப் பதிவேடு, மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டோர் பதிவேடு, கேஸ் ஷீட் என ஒவ்வொன்றிலும் அதே பெண்ணின் பெயர், வயது, ஊர், பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) ஆகியவற்றைத் திரும்பத் திரும்ப எழுதுகிறோம். ஆனால் ஒரே நேரத்தில் வலியோடு படுத்திருக்கும் பல பெண்களில் யாருக்கு ரத்த வகை நெகட்டிவ், யாருக்கு முந்தைய பிரசவம் சிசேரியன், யாருக்குப் பனிக்குடம் எத்தனை மணிக்கு உடைந்தது, யாருக்குப் பிரசவ வலியைத் தூண்டும் ஆக்சிடோசின் மருந்து எப்போது தொடங்கப்பட்டது என்பதையெல்லாம் சேர்த்து ஒரே பார்வையில் காட்டக்கூடிய தாள் ஒன்று இல்லை. எனவே செவிலியர்கள் அவரவர் வசதிக்கு ஒரு துண்டுச்சீட்டு எழுதிச் சீருடைப் பையில் வைத்துக்கொள்கிறோம். வார்டு உண்மையில் அந்தச் சீட்டை நம்பித்தான் நடக்கிறது.

அந்தச் சீட்டை நான் குறைத்துப் பேசவில்லை; கவனமாக எழுதப்பட்ட சீட்டு ஒரு தாயைக் காப்பாற்றக்கூடியது. ஆனால் ஒருவர் சீட்டிலுள்ள சுருக்கக் குறிகள் அடுத்தவருக்குப் புரிவதில்லை. உயர் ரத்த அழுத்தத்தால் வலிப்பு வந்த, அல்லது வரக்கூடும் என்று அஞ்சப்படும் பெண்ணுக்கு, தசையில் போடும் முறையில், முதல் டோஸுக்குப் பிறகு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 5 கிராம் மெக்னீசியம் சல்ஃபேட் ஊசி போடுகிறோம். ஒவ்வொரு முறையும் அவருடைய மூச்சு எண்ணிக்கை, முழங்கால் அனிச்சை, சிறுநீர் அளவு ஆகியவற்றைப் பார்த்த பின்னரே போட வேண்டும். இரண்டு பணி நேரங்களுக்கு நடுவில் கடைசி ஊசியின் நேரம் வாய்மொழியாக மட்டும் சொல்லப்பட்டால், ஒரு டோஸ் விட்டுப்போகலாம். அதைவிடக் கொடுமையாக, இரண்டு முறை போடப்பட்டுவிடலாம். அதேபோல, நெகட்டிவ் வகைத் தாய்க்குப் பிறந்த குழந்தையின் ரத்த வகை பாசிட்டிவ் என்றால் அடுத்த கர்ப்பத்தின் சிசுவைப் பாதுகாக்க 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஆன்டி-டி ஊசி போட வேண்டும் என்பதும், பிரசவ வார்டிலிருந்து பிரசவத்துக்குப் பிந்தைய வார்டுக்குத் தவறாமல் எழுத்தில் போய்ச் சேர வேண்டிய செய்தி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி பரிசோதனை முடிவுகளும் இந்தச் சீட்டுகளில் இருக்கின்றன. எச்.ஐ.வி. நிலையை ரகசியமாகப் பாதுகாக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. சீட்டோ சீருடைப் பையோடு வீட்டுக்குப் போகிறது, அல்லது கிழிக்கப்படாமல் குப்பைத் தொட்டியில் விழுகிறது. நம்மை நம்பி வந்த ஒரு பெண்ணின் மானம் தொடர்பான செய்தி அது.

பார்ட்டோகிராஃப் இருக்கிறதே என்று கேட்கலாம். அது ஒரு பெண்ணின் பிரசவ முன்னேற்றத்தைக் கோடுகளாக வரைந்து காட்டும் அருமையான தாள்; உலக சுகாதார நிறுவனம் 2020இல் அதைத் திருத்தி, கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்ததிலிருந்து பதியும் புதிய வடிவத்தை வெளியிட்டது. ஆனால் அது அந்தந்த நேரத்தில் நிரப்பப்பட்டால்தான் பயன். முதல் கட்டத்தில் அரை மணிக்கு ஒருமுறையும், இரண்டாம் கட்டத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையும் சிசுவின் இதயத் துடிப்பைக் கேட்க வேண்டிய செவிலியர், பதிவேடுகளை நகலெடுத்துக்கொண்டிருந்தால், பிரசவம் முடிந்த பிறகு நினைவிலிருந்து கோடு போடும் நிலைதான் வரும். அப்படி வரையப்பட்ட கோடு எந்தத் தாயையும் எச்சரிக்காது.

ஆகவே, மக்கள் நல்வாழ்வுத் துறை எல்லா அரசுப் பிரசவ வார்டுகளுக்கும் பொதுவாக ஒரு பணி ஒப்படைப்புத் தாளை வடிவமைத்துத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். படுக்கை வாரியாக அபாயக் குறிப்புகள், கடைசியாகப் பார்த்த நேரம், அடுத்து செய்ய வேண்டியது ஆகியவை அதில் இருந்தால் போதும். பணி ஒப்படைப்பவரும் ஏற்பவரும் படுக்கையருகே நின்று கையொப்பமிட்டு, வார்டிலேயே பூட்டி வைக்கும் கோப்பில் அதைச் சேர்க்க வேண்டும். இன்னொரு படிவமா என்று என் தோழிகளே சலித்துக்கொள்வார்கள். அந்தச் சலிப்பு நியாயமானது. எனவே இந்தத் தாள் வரும்போதே, ஒரே விவரத்தைப் பல இடங்களில் எழுதும் பதிவேடுகளைக் குறைத்து, கணினிப் பதிவைத் தரவுப் பதிவாளர்களிடம் ஒப்படைக்க வேண்டும். முதலில் சில சீமாங்க் மையங்களில் (தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் முழுமையான அவசர சிகிச்சை தரும் மையங்கள்) நடைமுறைப்படுத்திப் பார்க்கலாம். தாளின் வடிவத்தை முடிவுசெய்யும் குழுவில், இரவுப் பணி பார்க்கும் செவிலியர்களுக்கும் கட்டாயம் இடமளிக்க வேண்டும்.

இப்படிக்கு,
அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர்
(பெயர் வெளியிட வேண்டாம்)