வண்டிப்பெரியார் (இடுக்கி மாவட்டம், கேரளம்) தமிழ் வாசகர் மன்றம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராதவர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, ஓணப் போட்டிகள், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரிசளிப்பு எல்லாம் வழக்கம்போல நடந்தன. நூலகக் கூரை ஒழுகியது, அடைத்தோம், மறுபடி ஒழுகுகிறது.

நவம்பர் கூட்டத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் சிலர் சந்தாவை நிறுத்தினார்கள். தன்பாலீர்ப்பாளர்களின் வாழ்க்கையைப் பற்றிப் பேசலாம் என்று தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்கே அன்றைக்குக் கம்பம் ஊரில் கல்யாணம் வந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே நாளில்!

‘இதெல்லாம் பட்டணத்துப் பணக்காரர் விவகாரம்’ என்று ஒரு மூத்த உறுப்பினர் எழுதிக் கொடுத்தார். பேச வந்தவர் நம் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், பிறந்தவர். அம்மா இன்றும் கொழுந்து எடுக்கிறார். பெயர் போட வேண்டாம் என்றதால் போடவில்லை. கொச்சியில் தன்னைப் போன்றவர்கள் கூடும் இடத்துக்குப் போனால் அங்கே ‘பாண்டி’யாம், தமிழரை மட்டம் தட்டும் பெயர். தேனிப் பக்கம் போனால் ‘கேரளாக்காரன்’. கோயம்புத்தூரில் அறை தேடினால், எந்த ஊர் என்ற கேள்விக்கு அடுத்தது என்ன ஆள் என்பது.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், தன்பால் உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டம் 377ஆவது பிரிவின் பிடியிலிருந்து இவர்களை விடுவித்தது. திருமண உரிமை 2023இல் கிடைக்கவில்லை. சேர்ந்து வாழும் இணையரை ரேஷன் கார்டுக்கு ஒரே குடும்பமாகக் கருதும்படி 2024இல் ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. சரி, எந்த முகவரியில் கார்டு வாங்குவது? லயம் தோட்ட வேலையோடு ஒட்டியது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடும்பம் என்று சொன்னது கணவன் மனைவி, பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர், பின்னால் சேர்த்த விதவைச் சகோதரி, அவ்வளவுதான். பட்டணத்தில் வீட்டை விட்டு வெளியேறும் பையனுக்கு அப்பா மட்டும் போகிறார். இங்கே வீடு, வேலை, தெரு எல்லாம் சேர்ந்து போகின்றன.

இன்னொன்று, சாதிச் சான்றிதழ். 1950க்கு முன்பே குடும்பம் கேரளத்தில் இருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். அந்தப் பழைய காகிதம் அப்பாவின் தகரப் பெட்டியில் இருக்கும். முகம் கொடுத்துப் பேசாத அப்பாவிடம் அதை எப்படிக் கேட்பது? இட ஒதுக்கீட்டுக்குப் போராடுபவர்களுக்கு இவர் காதல் தெரியாது. காதலுக்குக் கொடி பிடிப்பவர்களுக்கு இந்தப் பெட்டி தெரியாது. 1989இல் கிம்பர்லே கிரென்ஷா என்ற கறுப்பினச் சட்டப் பேராசிரியர் அமெரிக்காவில் இதே சங்கடத்தைத்தான் எழுதினார்: கறுப்பினப் பெண்ணின் வழக்கு நிறப் பாகுபாட்டிலும் முழுதாக அடங்காது, பெண் பாகுபாட்டிலும் அடங்காது.

செயலாளருக்கு இதில் என்ன அக்கறை என்று டீக்கடையில் கேட்கிறார்களாம். கூட்டத்துக்கு வந்து கேட்டிருக்கலாம்.

வரவு செலவு ஏறக்குறைய சமம். விவரம் பொருளாளரிடம் உள்ளது. மைக்செட் தந்தவருக்கும், பஜ்ஜி போட்ட மகளிர் குழுவுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் நூலகப் பின்னறையை மாதம் ஒரு ஞாயிறு இப்படிப்பட்ட பிள்ளைகள் வந்து உட்கார்ந்து பேசத் திறந்து வைக்க எண்ணம். கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும், கூரையும் ஒழுகக் கூடாது. பாக்கி வைத்திருப்பவர்கள் யார் என்று வாசிக்கப் போவதில்லை. ரசீதுப் புத்தகம் என் பையில் இருக்கிறது, கூட்டம் முடிந்தும் சற்று நேரம் இங்கேதான் இருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்