குற்றப் புனைவின் நாட்டில் நூலகக் கதவைச் சாத்தாதீர்கள்

எங்கள் பகுதியின் கவுன்சில் உறுப்பினர்களுக்கும் நூலகப் பணிகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும்,

வணக்கம். ஸ்காட்லாந்தில் குடியேறி வாழும் தமிழ் வாசகர்களில் நானும் ஒருவன். நிதி நெருக்கடியை முன்னிட்டு எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் நேரத்தை வாரத்தில் இரண்டு பிற்பகல்களாகக் குறைத்து, பெரிய எழுத்துப் பதிப்புகள் அனைத்தையும் தலைமை நூலகத்துக்கு மாற்றிய உங்கள் முடிவின் பின்னணி உங்களுக்கே நன்கு தெரியும் என்பதால் அதை இங்கே விவரிக்கவில்லை. அந்த முடிவைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்கவே இம்மடல். இதன் ஆங்கில வடிவத்தை உங்கள் அலுவலகத்தில் சேர்ப்பித்துவிட்டேன். இங்கே வாழும் தமிழர்களும் அறிய வேண்டும் என்பதால் தமிழிலும் வெளியிடுகிறேன்.

என் பக்கத்து வீட்டில் எண்பதைக் கடந்த மூதாட்டி ஒருவர் தனியாக வசிக்கிறார். பார்வை மங்கிவிட்டதால் சாதாரண எழுத்தை அவரால் படிக்க இயலாது. குற்றப் புனைவு எழுத்தாளர் இயன் ரேங்கினின், ரீபஸ் என்னும் துப்பறிவாளர் வரும் நாவல் வரிசையையும், ஆன் கிளீவ்ஸ் எழுதிய, ஷெட்லாந்து தீவுகளில் நடக்கும் துப்பறியும் நாவல்களையும் பெரிய எழுத்தில்தான் படித்து வந்தார். ஏற்கெனவே படித்ததையே மறுபடி எடுத்துவரக் கூடாதென்று, முடித்த ஒவ்வொரு நூலிலும் ஒரே பக்கத்தில், பக்க எண்ணுக்கு அடியில் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று இழுத்து வைப்பார். அந்தக் கோட்டுக்கு அருகில் வேறொருவர் வைத்த புள்ளியும் இன்னொருவர் போட்ட சிறு வட்டமும் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் நூலகர் இதையெல்லாம் கண்டும் காணாதவராக இருந்தார். டண்டீ நகரின் கிளை நூலகம் ஒன்றில் இத்தகைய குறிகள் இருப்பது 2018இல் உலகெங்கும் செய்தியானதை நீங்களும் படித்திருப்பீர்கள்.

அந்த அலமாரி இன்று எங்கள் ஊரில் இல்லை. தலைமை நூலகத்துக்குப் போக வேண்டுமானால், வாக்கரைத் தள்ளிக்கொண்டு, மழையிலும் காற்றிலும் நின்று, அவர் இரண்டு பேருந்து மாற வேண்டும். இதை எழுதிக் கேட்டதற்கு, மின்னூலாகப் படித்துக்கொள்ளலாம் என்று உங்கள் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. வீட்டில் இணைய இணைப்பே இல்லாத ஒருவருக்கு அனுப்பப்பட்ட அந்தப் பதிலை அவருக்கு வாசித்துக் காட்டியபோது எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

பொழுதுபோக்குத் துப்பறியும் கதைகளுக்காக இத்தனை வாதமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இந்த நாட்டின் குற்றப் புனைவு வெறும் பொழுதுபோக்காக இருந்திருந்தால் இவ்வளவு காலம் நிலைத்திருக்காது. வில்லியம் மெக்கில்வனி 1977இல் எழுதிய ‘லெயிட்லா’ நாவலில் கொலையாளி யார் என்பது தொடக்கத்திலேயே வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. பழிவாங்கத் துடிப்பவர்கள் அந்த இளைஞனைப் பிடிப்பதற்குள் காவல் அதிகாரியால் அவனைச் சென்றடைய முடியுமா, அவன் எப்படி அப்படியானான் என்பவையே அதன் கேள்விகள். பகலில் மதிப்புக்குரிய தச்சுத் தொழிலதிபராகவும் இரவில் திருடனாகவும் வாழ்ந்து 1788இல் தூக்கிலிடப்பட்ட டீக்கன் புரோடியின் நகரம் எடின்பரோ. அங்கே பிறந்த எழுத்தாளர் ஸ்டீவன்சன் 1886இல், ஒரே மனிதனின் நல்ல, தீய இரு முகங்களான ஜெக்கிலையும் ஹைடையும் படைத்தார். கோட்டையைப் பார்த்துத் திரும்பும் பயணிகள் காணாத எடின்பரோவை, 1987 முதல் ரீபஸ் வழியாக ரேங்கின் காட்டி வருகிறார். எழுத்தாளர் டெனீஸ் மைனாவோ 1998இல் வெளிவந்த தம் நாவலில், மனநல சிகிச்சை பெற்ற, சிறுவயதில் கொடுமைக்கு ஆளான ஒரு கிளாஸ்கோப் பெண்ணையே கதையின் நடுவில் நிறுத்தினார். அதிகாரிகள் நம்ப மறுக்கும் ஒருத்தி உண்மையைத் தேடிப் போகிறாள். ஊரின் வறுமை, மதப் பிளவு, மூடிய சுரங்கங்கள், அதிகாரத்தின் அலட்சியம் ஆகியவற்றைப் பற்றி இந்த நாடு தன்னோடு தானே பேசிக்கொள்வது இந்த நாவல்களில்தான். புதிதாக வந்த எனக்கு இந்த மண்ணை அறிமுகப்படுத்தியவையும் இவையே.

இந்த எழுத்தாளர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். ரேங்கின் பிறந்தது பைஃப் பகுதியின் கார்டென்டன் என்னும் சுரங்கத் தொழிலாளர் ஊரில். அதே பகுதியின் கர்காடியில் பிறந்த குற்றப் புனைவு எழுத்தாளர் வேல் மெக்டெர்மிட், சிறுமியாக இருந்தபோது அம்மாவின் உறுப்பினர் அட்டையைக் காட்டிப் பெரியவர்களுக்கான குற்றக் கதைகளை நூலகத்திலிருந்து எடுத்து வந்ததையும், பொது நூலகம் இல்லாதிருந்தால் தாம் எழுத்தாளராகியிருக்க முடியாது என்பதையும் பலமுறை சொல்லியிருக்கிறார். கொடையாளரான ஆண்ட்ரூ கார்னெகியின் பெயரால் உலகெங்கும் எழுந்த நூலகங்களில் முதலாவது 1883இல் திறக்கப்பட்டதும் அதே பைஃப் பகுதியின் டன்ஃபெர்ம்லினில்தான்.

எடின்பரோ 2004இல் யுனெஸ்கோவின் முதல் இலக்கிய நகரமானது. ஸ்டெர்லிங்கில் 2012 முதல் குற்றப் புனைவுக்கென்றே விழா நடக்கிறது. இவற்றில் எனக்குப் பெருமையே. ஆனால் ஸ்டூவர்ட் மெக்பிரைட் 2005 முதல் தம் நாவல்களால் உலகறியச் செய்த அபர்டீன் நகரில், 2023இல் ஆறு கிளை நூலகங்கள் மூடப்பட்டன. எழுத்தாளர்களின் பெயரைச் சொல்லிப் பயணிகளை அழைக்கும் ஒரு நாடு, அந்த எழுத்தாளர்களை வளர்த்த அறைகளையே ஒவ்வொன்றாகப் பூட்டுவது எப்படி நியாயமாகும்? தம் பகுதியில் வசிக்கும் அனைவருக்கும் போதுமான நூலக வசதி அளிப்பது உள்ளாட்சியின் கடமை என்று 1973ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து உள்ளாட்சிச் சட்டம் சொல்கிறது. அனைவருக்கும் என்றால் வாக்கரோடு நடப்பவருக்கும், பிற்பகலில் வேலையில் இருப்பவருக்கும் சேர்த்துத்தான்.

நிதி நெருக்கடி உண்மையானது என்பதை அறிவேன். பள்ளிகளுக்கும் முதியோர் பராமரிப்புக்கும் நடுவே நீங்கள் படும் சிரமத்தையும் மறுக்கவில்லை. இருந்தும், முடிவைத் திரும்பப் பெறுங்கள் என்றே மீண்டும் கேட்கிறேன். உடனே முழுமையாக இயலாதென்றால், பெரிய எழுத்து அலமாரியை முதலில் எங்கள் ஊருக்குத் திருப்பி அனுப்புங்கள். வாரத்தில் ஒரு மாலையாவது நூலகத்தைத் திறந்து வையுங்கள். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்து, எங்கள் ஊர் வாசகர்கள் நேரில் வந்து பேச அனுமதி அளிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கிளை நூலக உறுப்பினர் ஒருவர்