பேண்ட் அளவு எடுத்த ஆராய்ச்சி

அன்புள்ள செல்வம்,

பதில் போடத் தாமதித்தது என் தப்பு, திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

"மூணு மாசம் நடந்தும் ஒண்ணரைக் கிலோதான் இறங்குச்சு, விட்டுட்டேன்" என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். எடை இறங்காததால் நடந்தது வீண் என்று முடிவு கட்டிவிட்டாயேடா!

லண்டனில் ஜெரமி மோரிஸ் என்ற டாக்டர் மாடி பஸ்களில் வேலை பார்த்தவர்களை ஆராய்ந்து 1953இல் முடிவை வெளியிட்டார். டிரைவருக்கு நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க ஒரு நாளில் 500 முதல் 750 படி வரை ஏறுவார். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. வந்தாலும் அதில் உடனே உயிர் போனவர்கள் குறைவு. டிரைவர்கள் குண்டாக இருந்ததுதான் காரணமோ என்று சந்தேகம் எழுந்தது. மோரிஸ் விடவில்லை. கம்பெனி தைத்துக்கொடுத்த யூனிஃபார்ம் பேண்ட்டின் இடுப்பளவுகளை வாங்கிப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பு பெரிதுதான். ஆனால் ஒல்லியானவர்களை ஒல்லியானவர்களோடும், தொந்திக்காரர்களைத் தொந்திக்காரர்களோடும் ஒப்பிட்டபோதும் திடீர் மரணம் டிரைவர்களிடமே அதிகம். அதாவது, உடலை அசைப்பதன் பலன் இடுப்பளவைத் தாண்டியும் நிற்கிறது.

அதற்காகத் தொப்பையை விட்டுவிடலாம் என்று எண்ணாதே. அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நர்ஸுகளை 24 வருஷம் தொடர்ந்து கவனித்து 2004இல் ஒரு கணக்கு வந்தது. ஒல்லியாகவும் சுறுசுறுப்பாகவும் இருந்தவர்களின் மரண ஆபத்தை 100 என்று வைத்துக்கொள். ஒல்லி, ஆனால் அசையாதவர்களுக்கு 155. குண்டு, ஆனால் சுறுசுறுப்பானவர்களுக்கு 191. குண்டாகவும் அசையாமலும் இருந்தவர்களுக்கு 242. நடை எல்லாவற்றையும் துடைத்துவிடாது. ஆனால் அந்த 242க்கும் 191க்கும் நடுவில் இருக்கும் தூரத்தைத்தான் நீ விட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாய்.

தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பைவிட, குடலைச் சுற்றியும் ஈரலிலும் சேரும் கொழுப்புதான் மோசம். அது ரத்தத்தில் கொழுப்பு அமிலங்களைக் கொட்டி, சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலினை வேலை செய்யவிடாமல் பண்ணும். நடந்தால் எடை அப்படியே இருந்தாலும் இந்த உள்கொழுப்பு கரையும். வேலை செய்கிற தசை இன்சுலின் உதவி இல்லாமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். எடைமெஷினில் இதெல்லாம் தெரியாது.

நம்மவர்களுக்கு இந்த உள்கொழுப்பு சீக்கிரம் சேரும். அதனால்தான் நமக்கு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. இடுப்பு என்று எல்லை வைத்திருக்கிறார்கள். பேண்ட் நம்பரை நம்பாதே, நாம் அதைத் தொப்பைக்குக் கீழே அல்லவா கட்டுகிறோம்! கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் டேப்பை வை. பின்பக்கம் சரியாமல் தரைக்கு மட்டமாக இருக்கட்டும். வயிற்றை எக்காமல், சாதாரணமாக மூச்சை விட்டு முடிக்கும்போது அளவைப் பார். இறுக்கி இழுக்காதே.

நடை வாரத்துக்கு 150 நிமிஷம், அதாவது அரை மணி வீதம் ஐந்து நாள். பேச முடியணும், பாட முடியக்கூடாது, அதுதான் சரியான வேகம். நிமிஷத்துக்குச் சுமார் 100 காலடி வரும். நீயும் ரவியும் பேசிக்கொண்டே போகிற நடை, பாதி வழியில் டீக்கடையில் நிற்பது, இதில் சேராது. வாரம் இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடு: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார், பத்து தடவை, மூன்று சுற்று. முதல் வாரமே அரை மணி பாய்ந்து முட்டியைக் கெடுத்துக்கொள்ளாதே. பத்து நிமிஷத்தில் ஆரம்பித்து வாரத்துக்கு ஐந்து நிமிஷம் கூட்டு.

ஒன்று மட்டும் கவனமாகக் கேள். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, வலி தாடைக்கோ கைக்கோ பரவினாலோ, வாயு என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதே. உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவன் நீ, வெறும் வயிற்றில் நீளமாக நடக்கலாமா என்று உன் டாக்டரிடம் கேட்டுக்கொள். சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட, சட்டைப்பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும்.

மீனாவை விசாரித்ததாகச் சொல். டேப் அவள் தையல் பெட்டியில் இருக்கும். அடுத்த கடிதத்தில் எடையை எழுதாதே, இடுப்பளவை எழுது.

அன்புடன்,
முருகேசன்