கழக வரலாற்றை எழுதும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

நமது உதைபந்தாட்டக் கழகத்தின் வரலாற்றைச் சிறு நூலாக எழுதும் பொறுப்பை நிர்வாக சபை உம்மிடம் ஒப்படைத்ததை அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். நீர் அனுப்பிய முதல் வரைவையும் படித்தேன். வென்ற கிண்ணங்களும் தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்களும் ஒழுங்காக இருக்கின்றன. ஆனால் 2006 முதல் சனங்கள் ஊர் திரும்பும் வரையான காலத்தை, "இடப்பெயர்வு காரணமாகக் கழகம் இயங்கவில்லை" என்ற ஒற்றை வரியோடு கடந்துவிட்டீர். அந்த வரியை எடுத்துவிட வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன். திருகோணமலை மாவட்டத்து மூதூர் கிழக்கின் மற்றக் கழகங்களும் தங்கள் மலர்களில் இதே வரியை எழுதிவிடக் கூடாது என்பதால், இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

2006 ஏப்ரல் இறுதியில் போரின் குண்டுகள் விழத் தொடங்கிய பின் நம் பகுதியிலிருந்து வெளியேறியவர்கள், வாகரை வழியாக மட்டக்களப்பு முகாம்களுக்குப் போய், பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் நலன்புரி நிலையங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். நமது சம்பூர்ப் பகுதியில் 818 ஏக்கர் காணியை மக்களுக்கு விடுவிக்கும் முடிவு 2015 மே மாதத்தில்தான் வந்தது. கடற்படை முகாம் இருந்த காணிக்கு 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வளவு காலமும் நமக்கு மைதானம் இல்லை, கோல் கம்பம் இல்லை, கூட்ட அறிக்கைப் புத்தகமும் இல்லை. ஆனால் அணி இருந்தது. தகரக் கொட்டில்களுக்கு நடுவே கிடைத்த வெறுந்தரையில் இரண்டு தடிகளை நட்டுப் பின்னேரங்களில் ஆடினார்கள். வேறு ஊர்க் கழகங்கள் எழுவர் கொண்ட சுற்றுப்போட்டி வைத்தபோது, நுழைவுக் கட்டணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று சேர்த்துக் கட்டி, பழைய பெயரிலேயே பதிந்து ஆடினார்கள். எவரும் போய்ப் பார்க்க முடியாத இடமாக நம் ஊர் இருந்த அந்த ஆண்டுகளில், அடுத்த ஊர் மைதானத்து ஒலிபெருக்கியில் அதன் பெயர் ஒலித்தது. ஒரு கழகம் இயங்கியது என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? என்னைக் கேட்டால், நூலின் மிக நீண்ட அத்தியாயம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஆவணம் இல்லையே என்று நீர் சொல்லக்கூடும். கழகத்தின் அலுமாரி போனது உண்மைதான். ஆனால் வீடுகளில் தேடும். ஓடும்போது சனங்கள் கையில் எடுத்தது பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி ஆகியவை இருந்த பையைத்தான். வேலைக்கான நேர்முகப் பரீட்சைக்கு உதவும் என்று விளையாட்டுச் சான்றிதழ்களையும் அதே பையில் வைத்திருந்தவர்கள் பலர். அவற்றில் போட்டியின் பெயரும் திகதியும் இருக்கும். ஒப்பமிட்டவர் யார் என்பதும் இருக்கும். கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் பழைய வீரர்களிடம் குழுப்படங்கள் உண்டு. படத்தில் இருப்பவர்களின் பெயர்களை இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளும், ஏனென்றால் பின்வரிசையில் நிற்பவர்களை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் குறைந்து வருகிறார்கள்.

எதிரணிகளையும் மறவாதேயும். மூதூர், தோப்பூர், கிண்ணியா முஸ்லிம் ஊர்களின் கழகங்களோடு நாம் ஆடிய ஆட்டங்கள் இல்லாமல் இந்த வரலாறு பாதிதான். அவர்கள் அச்சடித்த அழைப்பிதழ்களிலும் போட்டி அட்டவணைகளிலும் நம் பெயர் இருக்கும். மூதூர்ச் சனங்களும் 2006 ஓகஸ்டில் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தவர்கள் என்பதால் அங்கும் பலவும் தொலைந்திருக்கும். ஆனாலும் நேரில் போய்க் கேளும். நம்மை வென்றவர்கள் அந்த ஆட்டத்தை நம்மைவிட நன்றாக நினைவில் வைத்திருப்பார்கள்.

தொடக்க ஆண்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பதிவுச் சான்றிதழில் உள்ளது பதிவு நடந்த ஆண்டு மட்டுமே. அணி அதற்கு முந்தியது. கொழும்பு, தியத்தலாவை, திருகோணமலை ஆகிய இடங்களிலிருந்த பிரித்தானியப் படையினரால்தான் இந்த ஆட்டம் இலங்கையில் பரவியது. திருகோணமலைக் கடற்படைத் தளம் 1957இல் இலங்கையிடம் கையளிக்கப்படும் வரை அவர்கள் இங்கு இருந்தார்கள். அங்கே வேலைக்குப் போய்வந்தவர்களே பந்தை ஊருக்குக் கொண்டுவந்தார்கள் என்று பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் அதை வாய்மொழி என்றே குறிப்பிடும். இரண்டு ஆண்டுகளையும் போடும், ஒன்றுக்காக மற்றதை விட்டுவிடாதேயும்.

போக்குவரத்தைப் பற்றி உமது வரைவில் ஒரு சொல்லும் இல்லை. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்த பின் வளர்ந்தவர் நீர். அதற்கு முன் திருகோணமலை நகரத்தில் ஆட்டம் என்றால், மூதூர் இறங்குதுறையில் லோஞ்சு என்ற இயந்திரப் படகில் ஏறிக் கொட்டியாரக் குடாவைக் கடக்க வேண்டும், அல்லது வீதியால் போய்த் துறைக்குத் துறை, பாதை என்று நாம் சொல்லும் மிதவைப் படகுக்குக் காத்திருக்க வேண்டும். கடைசி லோஞ்சின் நேரத்தைப் பார்த்தே ஆட்ட நேரத்தைக் கேட்டு வாங்கினோம். அந்நகரத்து மெக்கெய்சர் மைதானத்தில் ஆடப்போன அணிகள் ஏன் பதினொருவருக்கு மேல் அதிகம் பேரைக் கூட்டிப்போகவில்லை என்பது, லோஞ்சுக் காசை நினைத்தால் விளங்கும்.

போரில் இறந்த வீரர்களின் பெயர்களை அஞ்சலிப் பக்கத்தில் ஒதுக்காமல், அவர்கள் ஆடிய ஆண்டில், ஆடிய இடத்தோடு எழுதும்: இவர் பின்கள வீரர், இவர் இடது காலால் அடிப்பவர், இவர் கோல் காப்பாளர் என்று. குடும்பத்தாரின் சம்மதத்தை முதலில் கேளும். வேண்டாம் என்பவர்களை வற்புறுத்த வேண்டாம்.

அச்சுக்குக் கொடுக்கும் முன், வரைவை ஒரு ஞாயிறு பின்னேரம் மைதானத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டும். முகாமில் ஆடியவர்களை முன்வரிசையில் இருத்தும். திருத்தங்களை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள இன்னொருவரையும் கூட வைத்துக்கொள்ளும். என்னிடமுள்ள இரண்டு அழைப்பிதழ்களையும் ஒரு குழுப்படத்தையும் பிரதி எடுத்து இந்த வாரம் அனுப்புகிறேன்.

அன்புடன்,
கழகத்தின் பழைய வீரன் ஒருவன்