மச்சான், வராமல் விடாதை

லா கூர்னெவ், பரிஸ்
18 மார்கழி 2019

அன்பின் மச்சான் ராசுவுக்கு,

நேற்றுப் போனில கதைச்சது அரைவாசியில நிண்டு போச்சு. நான் அந்த நேரம் ரிபப்ளிக் பக்கம் ஊர்வலச் சனத்துக்குள்ள மாட்டுப்பட்டு நிண்டனான். மேளம், விசில், ஒலிபெருக்கி. நீ சொன்னதில ஒண்டும் விளங்கேல்லை. "வரட்டோ, விடட்டோ" எண்டு கேட்டது மட்டும் காதில விழுந்தது.

வா. ஆனா ஐப்பசியில நாங்கள் ரெண்டு பேரும் போட்ட திட்டத்தோட வராதை. அதெல்லாம் ரெயில் ஓடுற பரிஸுக்குப் போட்ட திட்டம். வாட்சப்பில எழுதினால் நத்தார் வாழ்த்துப் படங்களுக்கு அடியில புதைஞ்சு போம் எண்டுதான் கடிதமா எழுதுறன். அச்சடிச்சு ஜக்கற்றுக்குள்ள வை. போன் சார்ஜ் இறங்கினாலும் கடதாசி இறங்காது.

கிறேவ், அதுதான் வேலைநிறுத்தம், மார்கழி 5 தொடங்கினது, இண்டைக்கு 14ஆம் நாள். விசயம் ஓய்வூதியம். இந்த நாட்டில 42 விதமான ஓய்வூதிய முறை இருக்காம். எல்லாத்தையும் ஒரே புள்ளிக் கணக்குக்குள்ள கொண்டு வரப்போறம் எண்டு அரசாங்கம் நிக்குது. மெத்ரோ ஓட்டுறவை 50, 52 வயதில ஓய்வுக்குப் போறவை, விடுவினமே? ஒப்பெராவில ஆடுறவைக்கும் தனி முறை இருக்கு, 1698இல 14ஆம் லூயி ராசா குடுத்தது. அவையும் ஆட்டத்தை நிப்பாட்டிப் போட்டினம். போன புதன்கிழமை பிரதமர் 64 வயதுக் கதையை எடுத்தார். அதுவரைக்கும் கொஞ்சம் இணங்கி நிண்ட தொழிற்சங்கமும் அதோட கொதிச்செழும்பிட்டுது. திங்கக்கிழமை ஓய்வூதியத்துக்குப் பொறுப்பாயிருந்தவரே பதவியை விட்டிட்டுப் போட்டார். நத்தாருக்கு முன்னம் முடியும் எண்டு இங்க கனபேர் சொல்லுகினம். எனக்கு நம்பிக்கை இல்லை.

என்ர மூத்தவன் ஊர்வலத்துக்குப் போறான். "நான் 24 வருசமா குசினியில நிண்ட நிலையில வேலை செய்யிறன், எனக்கு ஆரடா 52 வயதில ஓய்வு தரப்போகினம்" எண்டு சண்டை பிடிச்சன். "உங்களுக்கும் சேத்துத்தானப்பா கேக்கிறம்" எண்டான். பேந்து நான் வாய் திறக்கேல்லை. ஆனா அவன் போன பிறகு ஒரு மணித்தியாலம் நடந்து வேலைக்குப் போனது நான்தான், அதையும் எழுதி வைக்கிறன்.

இங்க கிறேவ் எண்டாலும் அதுக்கொரு ஒழுங்கு இருக்கு. 2007இல ஒரு சட்டம் கொண்டுவந்தவை: வேலைக்கு வரமாட்டன் எண்டவர் 48 மணித்தியாலத்துக்கு முன்னம் அறிவிக்கவேணும். அந்தக் கணக்கை வச்சு, எது ஓடும் எது ஓடாது எண்டு முதல்நாள் பின்னேரம் 5 மணிபோல வெளியிடுவினம். அதனால 5 மணிக்கு முன்னம் அடுத்த நாளைப் பற்றிக் கதைக்கிறதே வீண். இப்ப எங்கட வீட்டில 5 மணி எண்டால் கோயில் பூசை நேரம் மாதிரி. மனிசி போனை வச்சு வாசிப்பா: "7ஆம் லைன் காலமை கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம். ஆர்.ஈ.ஆர். பி மூண்டில ஒண்டு." ஆர்.ஈ.ஆர். எண்டது புறநகர் ரெயில். அதைக் கேட்டுத்தான் நாளைக்குச் சைக்கிளோ, காலோ எண்டு முடிவெடுப்பன். நீயும் அந்தப் பழக்கத்துக்கு வா. நாலு நாள் நிகழ்ச்சி நிரலை லண்டனில இருந்தே எழுதிக்கொண்டு வராதை.

இனி எழுதக் கை கூசுற விசயம். எங்கட வீட்டில நில் எண்டு சொல்ல ஏலாமல் கிடக்கு.

மனிசிக்கு இதில சரியான கோவம். "26 வருசத்துக்கு முன்னம் ஒரே படகில வந்த மனிசனை ஹொட்டலில விடுறதோ, ஊர் என்ன கதைக்கும்" எண்டு ரெண்டு நாளாச் சரியாக் கதைக்கேல்லை. ஆனா யோசிச்சுப் பார். நாங்கள் இருக்கிறது பரிஸுக்கு வெளியில. இங்கயிருந்து உள்ளுக்குப் போறது 7ஆம் லைனிலயும் ஆர்.ஈ.ஆர். பியிலயும். ரெண்டும் சாரதி ஓட்டுற வண்டி, நினைச்சால் ஓடும், இல்லாட்டி இல்லை. தங்கச்சிக்கு முழங்கால் ஏலாது எண்டு நீதான் சொன்னனி. ராத்திரி 10 மணிக்கு ஷோன்ஸ்-எலிசேயில விளக்குப் பாத்திட்டு, இங்க வந்துசேர வழியில்லாமல் அவவைத் தெருவில நிப்பாட்டினால் அது விருந்தோம்பலோ?

எங்கட தமிழ்க் கடையள் இருக்கிற லா சப்பலில ஒரு அறை இருக்கு, தெரிஞ்ச பெடியன் ஊருக்குப் போயிட்டான். ஆனா ஆறாம் மாடி, லிப்ட் இல்லை. முழங்கால் எண்ட சொல்லோட அந்தக் கதையும் முடிஞ்சுது.

அதால கார் து லியோன் ஸ்ரேசனுக்குப் பக்கத்தில ஒரு சின்ன ஹொட்டலைப் பாத்து வச்சிருக்கிறன். ஏன் அங்க? இந்த 14 நாளும் முழுசா ஓடினது ரெண்டே ரெண்டு மெத்ரோ, 1ஆம் லைனும் 14ஆம் லைனும். அதுகளுக்குச் சாரதியே இல்லை மச்சான், தானாய் ஓடுற வண்டி. சாரதி இல்லாததுக்கு ஆர் கிறேவ் செய்யிறது! அந்த ரெண்டு லைனும் சந்திக்கிறது ரெண்டு இடத்தில, ஷத்தலேயும் கார் து லியோனும். ஷத்தலேக்குள்ள இப்ப மனிசர் போகேலாது. போன கிழமை அங்க ஒரு வயசுபோனவர் சில்லுவச்ச சாமான் பையைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சபடி நிக்கிறார். பைக்குள்ளயிருந்து லீக்ஸ் தண்டு ஒண்டு பக்கத்தில நிண்ட பெம்பிளையின்ர தொப்பியில முட்டிக்கொண்டு கிடக்கு. ஒருத்தரும் சிரிக்கேல்லை, சண்டையும் பிடிக்கேல்லை. நாலு ரெயில் விட்டுத்தான் நான் ஏறினன்.

நீங்கள் காலமை 10 மணிக்குப் பிறகு வெளிக்கிட்டு, பின்னேரம் 4 மணிக்குள்ள ஒரு இடத்தில குந்திவிட்டால் அந்த நெரிசல் உங்களைத் தொடாது. நாள் முழுக்க, கிழமை முழுக்க எண்டு விக்கிற பாஸ் ஒண்டும் வாங்காதை. ரெண்டு லைனுக்கு அந்தக் காசு நட்டம். பத்து ரிக்கற் கட்டு 14.90 ஈரோ, அது காணும்.

வாற நாளைப் பற்றி. 27ஆம் தேதி யூரோஸ்டாருக்கு எடுத்த ரிக்கற்றை இப்பவே கலைக்காதை. கொஞ்ச ரெயிலைக் குறைச்சிருக்கினம், எல்லாத்தையும் இல்லை. உன்ர ரெயிலை நிப்பாட்டினால் காசு திரும்ப வரும், இல்லாட்டி வேற நாளுக்கு மாத்தித் தருவினம். நீயா முந்திக்கொண்டு கலைச்சால் அந்த உரிமை போகும். ரெயில் வந்தால் கார் து நோரில நான் நிப்பன். லா சப்பல் கடைக்குச் சாமான் ஏத்திற வான்காரன் ஒருத்தன் சொல்லி வச்சபடி நிக்கிறான். கத்தரிக்காய்ப் பெட்டியோட பெட்டியா உங்களையும் கொண்டுபோய் ஹொட்டலில இறக்குவம். வழியில ரூ பஜோலில மாணிக்கப் பிள்ளையாரையும் கும்பிடலாம், தங்கச்சி கேட்டவ.

ரெயிலை நிப்பாட்டிப் போட்டினம் எண்டால், விக்ரோறியாவில இருந்து இரவு பஸ். ஒம்பது மணித்தியாலம் எண்டு வை. முதுகு முறியும், பொய் சொல்லேல்லை. ஆனா அந்த பஸ் வந்து நிக்கிறது பேர்சியில, பேர்சியில இருந்து கார் து லியோனுக்கு 14ஆம் லைனில ஒரே ஒரு தரிப்பு. ஹொட்டலை அங்க பிடிச்சதுக்கு அதுவும் ஒரு காரணம். பஸ்ஸிலயும் இடம் கெதியா முடியுது. ரத்துச் செய்யக்கூடிய ரிக்கற் கிடைச்சால் இண்டைக்கே ரெண்டு எடுத்து வை.

காரில வாறன் எண்டு மட்டும் சொல்லாதை. டோவரில ஏறி ஒண்டரை மணித்தியாலத்தில கலே, அதுக்குப் பிறகு 300 கிலோமீற்றர், அதெல்லாம் சுகம். பரிஸுக்குக் கிட்ட வந்தாப் பிறகுதான் வினை. திங்கக்கிழமை காலமை இந்தப் பகுதித் தெருவளில நெரிசல் மட்டும் 600 கிலோமீற்றருக்கு மேல. எங்கட முதலாளி காரில வந்து 11 மணிக்குத்தான் கடை திறந்தார். திறந்தும் என்ன, மேசை எல்லாம் வெறுமை. மார்கழியில உழைக்கிறதை வச்சுத்தான் மாசியை ஓட்டுறது. இந்த முறை எனக்குக் கிழமையில ரெண்டு நாள் வெட்டிப் போட்டார். அதனால ஒரு நன்மை, நீ வந்து நிக்கேக்க எனக்கு ஓய்வு.

பாக்கிற இடங்கள். 1ஆம் லைன் ஒரு நூலெண்டால் பரிஸின்ர பாதி முத்து அதிலதான் கோத்திருக்கு: லூவ்ர், கொன்கோர்ட், ஷோன்ஸ்-எலிசே, வெற்றி வளைவு. லூவ்ருக்குப் போறதெண்டால் அண்டைக்குக் காலமை திறந்திருக்கோ எண்டு பாத்திட்டுப் போவம். நோத்ர் தாமை ஒத்தேல் து வில்லில இறங்கி ஆத்தைக் கடந்தால் பாக்கலாம், வெளியில இருந்துதான். சித்திரை 15 எரிஞ்ச நாள் நான் பாலத்தில நிண்டு பாத்தனான். பக்கத்தில நிண்ட சனம் பாட்டுப் பாடிச்சுது. எனக்கு நினைவு வந்தது எங்கட யாழ்ப்பாண நூலகம். நீ வரேக்க ஆறுதலாக் கதைப்பம்.

எபல் கோபுரம்தான் தொல்லை, அது அந்த ரெண்டு லைனிலயும் இல்லை. எனக்கோ உனக்கோ எண்டால் வெற்றி வளைவில இறங்கி, கிளேபர் அவெனியூவில இருபது நிமிசம் நேர நடந்தால் துறொக்கடேறோ, முன்னால கோபுரம். தங்கச்சிக்கு அது சரிவராது. அதுக்கு வச்சிருக்கிறன் படகு. பற்றோபஸ் எண்டு சேன் ஆத்தில ஓடுது, எபல் கோபுரம், லூவ்ர், நோத்ர் தாம் எண்டு ஒவ்வொரு இடத்திலயும் நிப்பாட்டி ஏத்தும், இறக்கும். தனியார் படகு, கிறேவ் இல்லை. கடைசியில ஜார்தன் து பிளோந்தில இறங்கினால் ஹொட்டல் பாலத்துக்கு அங்கால. குளிரும், ஆனா கண்ணாடி போட்ட படகு.

படகு எண்டதும் நீ சிரிப்பாய் எண்டு தெரியும். யாழ்தேவி ரெயில் 90 ஆனியோட நிண்டுபோன பிறகு எங்களுக்கு வேற வழி எண்டு இருந்தது என்ன? 93இல கிளாலிக் கடலேரியில அந்த இரவு, ஒரு இஞ்சின் படகுக்குப் பின்னால கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போன படகு வரிசையில, நீ உன்ர கொப்பரின்ர றலி சைக்கிளை விடமாட்டன் எண்டு ஹாண்டிலைக் கட்டிப் பிடிச்சபடி இருந்தாய். தண்ணி உள்ளுக்கு வர, எல்லாரும் கையால அள்ளி ஊத்துறம், நீ ஒரு கையால அள்ளுறாய், மற்றக் கை சைக்கிளில. அந்தச் சைக்கிளைக் கடைசியில வவுனியாவில என்ன விலைக்கு வித்தனி? நான் இவ்வளவு காலமும் கேக்கேல்லை.

95இலயும் இதே மார்கழியில இங்க மூண்டு கிழமை ரெயில் இல்லை. நான் வந்து முதல் மாரி. பாஷையும் தெரியாது, வழியும் தெரியாது. சேனில சுற்றுலாப் படகுகளில வேலைக்குப் போற சனத்தை ஏத்தினவை, கரையில நிண்டு வாய் பாத்தன். ஐப்பசி 30 ஊரில வலிகாமச் சனம் முழுக்கச் சண்டையால வெளிக்கிட்ட செய்தி வந்தபிறகு அம்மா எங்க எண்டு தெரியாமல் இருந்த காலம். மெத்ரோ இல்லாததால ஒவ்வொரு நாளும் வேலை முடிய லா சப்பலுக்கு நடந்து வருவன், ஆருக்கேனும் ரெலிபோன் வந்திருக்கோ எண்டு கேக்க. சாவகச்சேரியில ஒரு பள்ளிக்கூடத்தில இருக்கிறா எண்டு சேதி கிடைச்ச அண்டைக்கும் நடந்துதான் வந்தனான். திரும்பிப் போகேக்க எவ்வளவு தூரம் நடந்தன் எண்டு நினைவே இல்லை. ஒப்பெராவில இருந்து லா சப்பலுக்குப் போற ஒவ்வொரு குறுக்கு ஒழுங்கையும் எனக்குக் காலால தெரியுமெண்டால் அந்த மூண்டு கிழமைதான் காரணம்.

இப்ப சைக்கிள் இருக்கு. போன வியாழன் மழையில ஒரு ஸ்கூட்டர்ப் பெடியன் மின்சார ஸ்கூட்டரால இடிச்சு விழுந்து முழங்கை உரஞ்சிப் போச்சு. பயப்பிட ஒண்டுமில்லை. மனிசிக்கு வழுக்கினது எண்டு சொல்லியிருக்கிறன், நீ வந்து உளறிப்போடாதை.

சாப்பாட்டு விசயத்தில மனிசி விட்டுக் குடுக்கிறதா இல்லை. ஹொட்டலில நிண்டாலும் வெளியில சாப்பிட விடமாட்டன், நாலு நாளும் சாப்பாடு இங்கயிருந்துதான் போகவேணும் எண்டு நிக்கிறா. கொண்டு வாறது ஆர்? நான்தான், சைக்கிளில. அடுக்குச் சட்டி கரியரில கட்டப் பழைய ரியூப் ஒண்டும் வெட்டி வச்சிட்டன். காலமைக்கு இடியப்பமோ புட்டோ எண்டு தங்கச்சியைக் கேட்டு எழுது. புட்டெண்டால் எனக்கு நல்லது, சொதி ஊத்திண்டு போகாது.

26ஆம் தேதி பின்னேரம் 5 மணிக்குப் பிறகு போன் எடு. உங்கட நேரம் 4.

அன்புடன்
உன்ர கண்ணன்